வைக்கோலின் வழியை ஜூலையிலேயே முடிவு செய்யுங்கள்: அல்புஃபேரா நெல் ஊர்களின் இலையுதிர்காலப் புகை பற்றி ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஸ்பெயினின் வலென்சியா மாநில அரசின் வேளாண்மை, சுற்றுச்சூழல் துறைகள், சுவேக்கா, சொல்யானா, சில்லா, கத்தரோஜா, குல்யேரா நகராட்சிகள், அல்புஃபேரா ஏரியின் மதகுகளைப் பராமரிக்கும் வடிகால் வாரியம், பாசனச் சங்கங்கள், நெல் கூட்டுறவுகள்.

வணக்கம்.

செப்டம்பரில் அறுவடை தொடங்குகிறது. நவம்பர் தொடக்கத்தில் வயல்களில் குளிர்காலத் தண்ணீர் ஏறுகிறது. இடைப்பட்ட சில வாரங்களில் அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள நெல் ஊர்களின் காற்று வேறு காற்றாகிவிடுகிறது. மாலையில் வைக்கோல் எரிகிறது, இரவில் புகை ஊருக்குள் தேங்குகிறது, காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதைச் சுவாசித்தபடி நடக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் "எரிக்கலாமா, கூடாதா" என்ற அதே வாக்குவாதம் எழுகிறது. எங்கள் கருத்தில் அந்தக் கேள்வி வரும் நேரமே தவறு. அக்டோபரில் வைக்கோல் வயலில் கிடக்கிறது, மழை வரப்போகிறது, தண்ணீர் ஏறப்போகிறது. விவசாயியின் கையில் தீப்பெட்டியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. எந்த வயலின் வைக்கோல் எங்கே போகும் என்பதை ஜூலையில், நெல் பச்சையாக நிற்கும்போதே, முடிவு செய்யுங்கள் என்பதே இந்த மடலின் கோரிக்கை.

இதைத் தமிழில் பொதுவில் வைப்பதற்கும் காரணம் உண்டு. இயந்திர அறுவடை, வயலில் தங்கும் வைக்கோல், அடுத்த நீருக்கு முன்னுள்ள குறுகிய இடைவெளி என்ற சிக்கல் உலகின் எல்லா நெல் நிலங்களுக்கும் பொதுவானது. தமிழில் படிக்கும் நெல் விவசாயிகளும் வேளாண் அலுவலர்களும் இந்தக் கணக்கைச் சரிபார்க்க வல்லவர்கள்.

முதலில் அளவு. அல்புஃபேரா 1986 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. 1989 முதல் ராம்சார் ஈரநிலம். பூங்காவின் சுமார் 21,000 ஹெக்டேரில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் நெல்வயல். ஹெக்டேருக்கு 5 டன் வைக்கோல் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 75,000 டன். ஒரு கிலோ நெல் வைக்கோல் திறந்த வெளியில் எரிந்தால் சுமார் 8 கிராம் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள) நுண்துகள் வெளியேறும். ஈரமாக இருந்து புகைந்தால் இன்னும் அதிகம். ஆக ஒரு ஹெக்டேரை எரித்தால் 40 கிலோ நுண்துகள் காற்றில் கலக்கிறது.

ஒரே நாளில் 100 ஹெக்டேர் எரிகிறது என்று வையுங்கள்: 4 டன். பகல் வெயிலில் தரைக்கு மேலே 500 மீட்டர் வரை காற்று கலக்கிறது, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்றால், 10 கிலோமீட்டர் நீள அகலமுள்ள பரப்பின் காற்று ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். ஐந்து மணி நேரத்தில் பரவலாக எரித்தால் சராசரியாகக் கன மீட்டருக்கு 16 மைக்ரோகிராம் கூடும். அதே 4 டன் மாலை ஆறு மணிக்குமேல், கலக்கும் உயரம் 100 மீட்டராகச் சுருங்கி, காற்றும் அடங்கிய பிறகு வெளியானால் 400 மைக்ரோகிராம். வைக்கோலும் அதேதான், வயலும் அதேதான். எரித்த நேரம் மட்டும் 25 மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இது எளிய பெட்டிக் கணக்கு. எரியும் வயலிலிருந்து காற்று நேராக வீசும் திசையிலுள்ள தெருவில் இதைவிட மிக அதிகமாக இருக்கும். ஆனால் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைக் காட்ட இந்தக் கணக்கே போதும்.

காற்றின் போக்கு இந்தக் கடற்கரைக்கே உரியது. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்நாட்டுக்கு வீசும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து மெதுவாகக் கடலை நோக்கி இறங்கும். இரவில் கடலுக்குப் போன காற்று மறுநாள் கடற்காற்றோடு கரைக்குத் திரும்புகிறது என்பதை வலென்சியாவின் மத்தியதரைக்கடல் சூழல் ஆய்வு மையமான 'செயாம்' பல்லாண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. கோடையில் ஓசோன் படிப்படியாகச் சேர்வதும் இந்தச் சுழற்சியால்தான். எனவே "மாலையில் எரித்தால் புகை கடலுக்குப் போய்விடும்" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. முதலில் அது எல் பல்மார், எல் பெரெல்யோ போன்ற கரையோர ஊர்களைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. பிறகு அதில் ஒரு பகுதி திரும்பியும் வருகிறது.

பகலில் எரித்தாலும் எல்லா வயலும் ஒன்றல்ல. சுவேக்காவுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் வயல்களில் பகல் கடற்காற்றில் தீ வைத்தால் புகை நேராக ஊருக்குள் வரும். மேற்குக் காற்றுக்காகக் காத்திருக்கலாம் என்றால், அந்தக் காற்று பெரும்பாலும் வறண்டு, திடீர் வேகத்தோடு வரும். வடக்கே ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள டெவேசா பைன் காட்டை ஒட்டிய வயல்களில் அந்த நாளில் தீ வைக்கவே கூடாது. எந்தக் காற்றிலும் யாராவது ஒருவரின் வீட்டையோ காட்டையோ சாலையையோ புகை தொடும் வயல்கள் இவை. சுவேக்கா வழியாகச் செல்லும் என்-332, கடற்கரையோரம் எல் சலேர் போகும் சிவி-500 ஆகிய சாலைகளின் ஓரமும் இதே கணக்கில் சேரும். இரவுப் பனியும் புகையும் சேர்ந்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. இந்த வயல்களை வரைபடத்தில் இப்போதே குறியுங்கள். இவற்றில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிப்பு அனுமதி கிடையாது, வைக்கோல் கட்டி எடுக்கும் இயந்திரம் முதலில் இங்கேதான் வரும் என்று அறிவியுங்கள்.

விவசாயி ஏன் எரிக்கிறார் என்பதை நேர்மையாகப் பேசாமல் தடையைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை. இங்கே நிலம் சிறு துண்டுகளாகக் கிடக்கிறது. வேறு வேலையோடு வயலையும் பார்ப்பவர்கள் பலர். வைக்கோலுக்கு இங்கே விலை இல்லை. தமிழ்நாட்டில் காவிரிப் படுகையில் அறுவடை இயந்திரம் போன பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் வருகிறது, ஏனென்றால் மாட்டுக்குத் தீவனம் வேண்டும், கட்டுக்குக் காசு கிடைக்கிறது. அல்புஃபேராவைச் சுற்றி அப்படி மாடுகள் இல்லை. வைக்கோல் தேவைப்படும் ஆடு மாட்டுப் பண்ணைகள் மலைப்பக்கம், நெடுந்தொலைவில் இருக்கின்றன. லாரி வாடகை வைக்கோலின் விலையை விழுங்கிவிடுகிறது.

இன்னொரு காரணம் நோய். இங்கே பயிராகும் பொம்பா, செனியா ரகங்கள் குலைநோய் என்னும் பூஞ்சை நோயைத் தாங்குவதில்லை. அதற்கு நம்பியிருந்த டிரைசைக்ளசோல் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் அனுமதி மறுத்துவிட்டது. தண்டுத் துளைப்பான் புழு அரிதாளுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆகவே "எரித்தால் வயல் சுத்தமாகும்" என்ற எண்ணம் வெறும் பழக்கமல்ல, அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் குலைநோய்ப் பூஞ்சை நெடுநாள் பிழைப்பது மேலே காய்ந்து கிடக்கும் வைக்கோலில்தான். ஈரமண்ணில் புதைந்து மக்கும் வைக்கோலில் அது அவ்வளவு காலம் தாங்காது. தண்டுத் துளைப்பானுக்கு, இனக்கவர்ச்சிப் பொருளால் அந்துப்பூச்சிகளின் இணைசேர்வைக் குழப்பும் முறை இந்த வயல்களில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. குளிர்காலத் தண்ணீரும் சேற்றுழவும் மீதியைக் குறைக்கின்றன. எரிப்பதில் இழப்பும் பெரிது. வைக்கோலிலுள்ள தழைச்சத்து கிட்டத்தட்ட முழுதும் புகையோடு போகிறது. மணிச்சத்தில் சுமார் கால் பங்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும் போகின்றன.

எரிக்காமல் தண்ணீருக்குள் விட்டுவிடலாமே என்பவர்களுக்கு அடுத்த கணக்கு. வயலில் 20 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஹெக்டேருக்கு 2,000 கன மீட்டர். லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்றால், அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மொத்தமே 16 கிலோ. ஒரு கிலோ வைக்கோல் மக்க ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். வயலில் கிடப்பதோ 5,000 கிலோ. வெதுவெதுப்பான அக்டோபர் தண்ணீரில் சில நாட்களிலேயே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. அந்தத் தண்ணீர் வாய்க்காலில் வடிந்தால் மீன் செத்து மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மீத்தேன் அதற்கு மேல். ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுக நெல்வயல்களில் நடந்த அளவீடுகளில் ஆண்டு முழுவதற்குமான மீத்தேனில் பெரும்பகுதி அறுவடைக்குப் பிறகு, வைக்கோலோடு நீர் நிற்கும் மாதங்களில்தான் வெளியேறியது. புகையை நிறுத்தி ஏரியைக் கொல்வது தீர்வாகாது. பறவைகளுக்காகவும் ஏரிக்காகவும் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

எனவே மூன்று வழிகளும் வேண்டும், எந்த வயலுக்கு எது என்ற முடிவோடு. கட்டி எடுப்பது, மண்ணில் முறையாக மக்கவைப்பது, நோய் உறுதியான இடத்தில் மட்டும் கட்டுப்பாட்டோடு எரிப்பது.

கட்டி எடுக்கும் வழியின் எல்லையைச் சொல்லிவிடுகிறோம். 300 கிலோ கட்டாகக் கட்டினால் மொத்த வைக்கோலுக்கு 2,50,000 கட்டுகள். ஓர் இயந்திரம் மணிக்கு 25 கட்டு போடும். பனி உலர்ந்த பிறகு 11 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடித்தால் நாளுக்கு 150. அறுவடைக்கும் தண்ணீருக்கும் நடுவே 15 உலர்ந்த நாள் கிடைத்தால் ஓர் இயந்திரம் 2,250 கட்டு போடும். முழுவதையும் எடுக்க ஏறத்தாழ 111 இயந்திரம் ஒரே நேரத்தில் வேண்டும், அது நடக்காது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5,000 ஹெக்டேர் என்றால் 37 இயந்திரமும், 40 கட்டு ஏற்றும் லாரிக்கு இரண்டாயிரத்துச் சில்லறை நடையும் போதும். இது நடக்கக்கூடியது. கூட்டுறவுகள் சேர்ந்து வாடகைக்குப் பேசினால், மத்திய ஸ்பெயினில் கோதுமை வைக்கோல் வேலை முடிந்து நிற்கும் இயந்திரங்களைச் செப்டம்பரில் இங்கே வரவழைக்கலாம். ஜூலையில் பேசினால்தான் கிடைக்கும்.

இயந்திரம் வந்தும் வேலை கெடுவது பெரும்பாலும் சிறு விஷயங்களில்தான். அறுவடை இயந்திரத்தின் பின்புறமுள்ள வைக்கோல் நறுக்கியைக் கழற்றியோ நிறுத்தியோ வைக்க வேண்டும். நறுக்கிப் பரப்பிய வைக்கோலைப் பேலரால் (கட்டும் இயந்திரத்தால்) அள்ள முடியாது. அறுப்பவருக்கு இதை முதல் நாளே எழுத்தில் சொல்லுங்கள், வயலுக்கு வந்தபின் சொன்னால் பாதி வயல் நறுக்கப்பட்டிருக்கும். அடிக்கட்டையை 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டு அறுத்தால் வைக்கோல் வரிசை அதன்மேல் தூக்கி நிற்கும். அடியில் காற்று போய்ச் சீக்கிரம் காயும். தரையோடு அறுத்தால் வரிசை சேற்றில் ஒட்டிக்கொள்ளும், சேறு கலந்த கட்டை எவரும் வாங்கமாட்டார். அறுவடைக்கு இரண்டு முதல் மூன்று வாரம் முன்பே தண்ணீரை முழுதும் வடித்தால்தான் தரை டிராக்டரைத் தாங்கும். அதற்கு முன்பே வடித்தால் மணி நிரம்பாமல் அரிசி உடையும். இந்தத் தேதியைப் பாசனச் சங்கம் வாய்க்கால் வாரியாக வகுக்க வேண்டும்; ஒரே மடையில் பாயும் வயல்களில் ஒருவர் மட்டும் முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது.

கட்டும்போது ஈரப்பதம் 15 முதல் 18 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கைப்பிடியை எடுத்து முறுக்கினால் மொறுமொறுவென்று ஒடிய வேண்டும்; வளைந்து திரும்பினால் இன்னும் ஈரம். 20-க்குமேல் கட்டினால் கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், அடுக்கில் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும். ஒரு பெரிய அடுக்கு எரிந்தால் நாள்கணக்கில் புகையும். வயலில் தவிர்த்த புகை முழுவதும் ஓரிடத்தில் திரும்பி வரும். எனவே அடுக்குகள் சிறியவையாக, நடுவே இடைவெளியோடு, வீடுகளிலிருந்து தள்ளி, தரையில் படாமல் மரப்பலகைத் தட்டுகளின் மேல் இருக்க வேண்டும். முதல் மூன்று வாரம் வெப்பமானிக் கம்பியைச் செருகிப் பாருங்கள்; 60 டிகிரிக்குப் போனால் அடுக்கைப் பிரிக்க வேண்டும்.

கட்டிய வைக்கோலின் செலவு வழி முதலில் பக்கத்திலேயே இருக்கிறது: ஹூக்கார் ஆற்றுப் படுகையின் சீமைப் பனிச்சை (பெர்சிமன்) தோட்டங்களும் ஆரஞ்சுத் தோட்டங்களும். மரத்தடியில் 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்காகப் போட்டால் களையும் ஆவியாதலும் குறையும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட வேண்டும், இல்லையேல் அடித்தண்டு அழுகும். குலைநோய் வந்த வைக்கோலையும் இங்கே பயன்படுத்தலாம், பழமரங்களை அந்தப் பூஞ்சை தாக்காது. நெல்வயலிலிருந்து தள்ளியுள்ள தோட்டமாக இருக்க வேண்டும். தீவனத்துக்குப் போவதென்றால் நெல் வைக்கோலில் புரதம் குறைவு, சிலிக்கா அதிகம். தமிழ்நாட்டு வேளாண்மையில் நெடுநாள் பழகிய யூரியா ஊட்டம் இங்கேயும் பொருந்தும்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்து, பிறகு ஆறவிட்டுக் கொடுப்பது. அசைபோடும் கால்நடைகளுக்கு மட்டும், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். யூரியா கரைந்த தண்ணீரைக் குடித்தால் கால்நடை இறந்துவிடும்.

ஏரியிலிருந்து மீட்டெடுத்த தாழ்ந்த வயல்களான தங்காத்துகளில் பேலர் புதையும். அங்கே பெல்ட் போட்ட அறுவடை இயந்திரமே தடுமாறி நடக்கிறது. அவற்றுக்கு மக்கவைக்கும் வழிதான். ஒரு வசதி உண்டு: தங்காத்துகளுக்குக் கரையும் பம்பும் தனியாக இருக்கின்றன, தண்ணீர் எப்போது ஏறுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம். இங்கே நறுக்கியை ஓட்டி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக நறுக்கிச் சமமாகப் பரப்ப வேண்டும். வயல் ஈரமாக, ஆனால் தண்ணீர் நிற்காமல் இருக்கும்போது மேலாக 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கலக்க வேண்டும். பிறகு மூன்று வாரம் தண்ணீர் ஏற்றாமல் விட வேண்டும். எளிதில் மக்கும் பகுதி காற்றோட்டத்திலேயே மக்கிவிட்டால், பின்னால் ஏறும் தண்ணீரில் கறுப்பும் மீத்தேனும் குறையும். அக்டோபர் மழை இந்த இடைவெளியைக் குலைக்கும். அப்போது பம்பை ஓட்டி வடித்தே ஆக வேண்டும், அந்த மின்கட்டணத்தை விவசாயி மேல் சுமத்தக் கூடாது. தண்ணீர் ஏறிய பின் டிராக்டருக்குக் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு மிதிக்கும் சேற்றுழவை, தண்ணீர் குளிர்ந்த டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளுங்கள். மக்கவைக்க யூரியா தூவும் யோசனையை யாரும் இங்கே சொல்லக் கூடாது. அந்தத் தழைச்சத்து முழுதும் ஏரியில்தான் போய்ச் சேரும். ஏரி ஏற்கெனவே சத்து மிகுந்து பச்சையாகக் கிடக்கிறது.

இதற்காக வடிகால் வாரியத்திடம் தனியாக ஒரு வேண்டுகோள். பெரெல்யோ, பெரெல்யோநெட், புஜோல் மதகுகளை அடைத்து ஏரி மட்டத்தை உயர்த்தும் பெரெல்யோனா இந்த ஊர்களின் பழைய நீர்முறை. பறவைகளுக்கும் மண்ணுக்கும் அது தேவை, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் என்ற வழக்கம்தான் எல்லா வைக்கோலையும் ஒரே வாரத்தில் எரிய வைக்கிறது. முதலில் அறுத்த, வைக்கோல் எடுத்த வயல்களுக்கு முதல் தண்ணீர். மக்கவைக்கும் தங்காத்துகளுக்கு நவம்பர் நடுவிலிருந்து. பறவைகளுக்கு அக்டோபர் கடைசியிலேயே தெளிந்த தண்ணீர் கிடைக்கும், வைக்கோலுக்கும் மூன்று வாரம் கிடைக்கும். கறுத்த தண்ணீர் தேங்கிய வயலைத் திறக்கும் முன் வாய்க்கால் முனையில் ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மடையைத் திறக்காமல் வைத்திருங்கள்.

மூன்றாவது வழி எரிப்பு. ஐரோப்பிய வேளாண் உதவித்தொகையின் நிபந்தனை, பயிர்நோய்க் காரணம் தவிர அரிதாள் எரிப்பைத் தடுக்கிறது. ஸ்பெயினின் 7/2022 சட்டமும் வயல் கழிவு எரிப்பைப் பொதுவாகத் தடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிறு பண்ணைகளுக்குத் தளர்வு வந்தது. சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதால் முழுப் பகுதிக்கும் நோய் என்று ஒரே அறிக்கையில் எழுதிவிடுவது நோய்க் காரணத்தை வெறும் சடங்காக்குகிறது. ஆகஸ்ட் கடைசியில் வயலுக்குள் இறங்கிப் பாருங்கள்: ஒரு வயலில் பத்து இடம், இடத்துக்கு இருபது கதிர், கழுத்துக் குலைநோய் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். எத்தனை சதவீதத்துக்கு மேல் எரிக்க அனுமதிக்கலாம் என்பதைச் சுவேக்காவிலுள்ள ஐவியா வேளாண் ஆய்வு நிறுவனத்தின் நெல் பிரிவு நிர்ணயிக்கட்டும். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு இதே பாதையில் போயிருக்கிறது. 1991 சட்டத்துக்குப் பின் அங்கே எரிப்பு படிப்படியாகக் குறைந்து, நோய் உறுதியான வயல்களுக்கும் மொத்தப் பரப்பில் 25 சதவீதம் என்ற உச்சவரம்புக்கும் உட்பட்டது. அன்றைய காற்றைப் பார்த்து நாளுக்கு இத்தனை ஏக்கர் என்று பங்கிடுகிறார்கள். மழைக்குப் பின் வைக்கோலை வளைத்துப் பார்த்து, ஒடியும் சத்தம் கேட்டால்தான் தீ வைக்க முடியும். பெரும்பகுதி வைக்கோல் குளிர்காலத் தண்ணீரில் மக்குகிறது, வாத்துகள் அங்கே தங்குகின்றன.

அல்புஃபேராவுக்கு நாங்கள் முன்வைப்பது: எரிக்கும் பரப்பை ஊர் ஊராகப் பிரிக்காமல், முழுப் பூங்காவுக்கும் ஒரே மேசை தினமும் காலை 9 மணிக்கு முடிவு செய்ய வேண்டும். காற்றின் வேகம், திசை, கலக்கும் உயரம் ஆகிய மூன்றையும் வானிலை நிறுவனத்தின் முன்னறிவிப்பிலிருந்து எடுத்து, அன்று எத்தனை ஹெக்டேர், எந்தப் பகுதி என்று அறிவிக்க வேண்டும். 11 மணிக்கு முன் தீ கூடாது, 3 மணிக்குப் பின் புதுத் தீ கூடாது, 5 மணிக்குள் புகையும் அடங்கியிருக்க வேண்டும். குவித்து எரிக்கக் கூடாது. குவியலின் உள்ளே காற்றுப் போகாமல் இரவெல்லாம் புகையும். பரப்பி, நன்றாகக் காய்ந்தபின், காற்றுக்கு எதிராகத் தீ நகரும்படி வைத்தால் மெதுவாக எரிந்தாலும் முழுதாக எரியும், புகை குறையும். வரப்பிலுள்ள நாணலைத் தீயிலிருந்து விலக்குங்கள். ஒரு தண்ணீர் டாங்கர் இல்லாமல் யாரும் தீ வைக்கக் கூடாது. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் ஏரியின் வடக்கு, மேற்குப் பக்க வயல்களுக்குள் பிளாஸ்டிக்கும் மரச்சாமானும் பெயிண்ட் டப்பாவும் அடித்து வந்தன. இன்னும் மண்ணில் துண்டுகள் கிடக்கும் அந்த வயல்களில், நடந்து பார்த்துப் பொறுக்கி முடிக்கும்வரை எரிப்பு அனுமதியே வேண்டாம். பிளாஸ்டிக் புகை வைக்கோல் புகையைவிடக் கொடியது.

அளவீடு பற்றி. இப்போது நாள் சராசரியைப் பார்த்து "வரம்புக்குள் இருக்கிறது" என்று சொல்லப்படுகிறது. நான்கு மணி நேரம் 200 மைக்ரோகிராம், மீதி இருபது மணி நேரம் 10 என்றால் நாள் சராசரி 42. பி.எம். 10-க்கான (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகளுக்கான) 50 என்ற நாள் வரம்புக்குள் அது அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்த நான்கு மணி நேரம்தான் நோய். 2030 முதல் புதிய ஐரோப்பிய விதிப்படி பி.எம். 2.5-க்கு நாள் வரம்பு 25, ஆண்டுக்கு 18 நாளுக்குமேல் அதை மீறக் கூடாது. அறுவடைக் காலமே அந்த 18 நாளைத் தீர்த்துவிடக்கூடும். மணிவாரி அளவுகளைப் பொதுவில் வையுங்கள். நெல் ஊர் ஒவ்வொன்றிலும் வயலைப் பார்த்த பள்ளிச் சுவரில், தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், சமையலறைப் புகைபோக்கியிலிருந்து விலகி, லேசர் ஒளிச்சிதறலால் அளக்கும் சிறு கருவி ஒன்றை மாட்டலாம். அதை நம்பும் முன் இரண்டு வாரம் அரசு அளவீட்டு நிலையத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஏரிக்கரையின் இரவு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். நீர் ஏறி உப்பிய துகளைக் கருவி பெரிதாகக் கணக்கிடும். உள்ளிழுக்கும் குழாயைச் சற்றுச் சூடாக்கும் கருவியை வாங்குங்கள், அல்லது ஈரப்பதத் திருத்தத்தோடு வெளியிடுங்கள். திருத்தாத எண்ணை விவசாயி மேல் குற்றமாகச் சுமத்தினால் அவர் கருவியையே நம்பமாட்டார், அது நியாயமும் கூட. சகாராத் தூசி வந்த நாட்களைத் தனியாகக் குறியுங்கள். வரம்புக் கணக்கில் விதி அதைக் கழிக்க விடுகிறது, ஆனால் தூசியும் புகையும் ஒன்றாக வந்த நாளில் எரிப்புக்கு அனுமதி தரக் கூடாது.

பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் முதல் நாள் மாலையே தகவல் போக வேண்டும். 50 சதுர மீட்டர் வகுப்பறை, 3 மீட்டர் உயரம் என்றால் 150 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றைச் சுத்திகரிக்க 750 கன மீட்டர் திறனுள்ள, நுண்துகளை வடிகட்டும் ஹெப்பா கருவி வேண்டும். பெட்டிமேல் எழுதியிருக்கும் திறன் உச்ச வேகத்தில்தான் கிடைக்கும்; ஆசிரியர் சத்தம் தாங்காமல் குறைத்துவிடுவார். அதனால் இரண்டு சிறிய கருவிகள் நல்லது. வயலில் எரிப்பவருக்கும் பேலர் ஓட்டுபவருக்கும் எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் கூட்டுறவே தர வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் ஆரஞ்சுக் கவாத்துக் கிளைகள் எரிவதையும் இதே மேசை பார்க்கலாம். ஊருக்கு ஒரு கிளை அரைக்கும் இயந்திரம் இருந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். கோடை ஓசோன் பெரும்பாலும் வலென்சியா நகரின் வண்டிகள், துறைமுகம் போன்றவற்றின் புகையால் வருவது. அதற்கு நெல் விவசாயியைக் கேட்பது நியாயமல்ல.

பணம் பற்றிக் கடைசியாக. கட்டி எடுத்தவருக்கும், தண்ணீரை மூன்று வாரம் தள்ளி மக்கவைத்தவருக்கும் ஹெக்டேர்வாரி தொகை, வேலை முடிந்த இரண்டு மாதத்துக்குள், கணக்கில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு வரும் உதவித்தொகையை நம்பி இந்த ஆண்டு யாரும் லாரி வாடகை கொடுக்கமாட்டார். வயல் வாரியான வரைபடமும், வடிகால் தேதிகளும், பேலர் வரிசையும், தண்ணீர் ஏறும் நாட்களும், தொகையும் ஜூலை 15-க்குள் ஒவ்வொரு கூட்டுறவின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒவ்வொரு விவசாயியிடமும் அவர் வயலுக்கான தாள் இருக்க வேண்டும். இந்த மடலிலுள்ள கணக்குகளைச் சரிபார்க்கவும், வரைபடம் வரையும் கூட்டத்தில் உட்காரவும் நாங்கள் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறோம். பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நெல் வேளாண்மையிலும் காற்றுத் தர அளவீட்டிலும் பணியாற்றும் தமிழர் சிலர்